கிருபையால்தான் இரட்சிப்பு என்றால் நற்கிரியைகள், அதாவது நல்ல செயல்கள், எதற்கு? புதிய ஏற்பாட்டில் நிருபங்கள் எழுதிய பவுலும் யாக்கோபும் இதில் முரண்படுகிறார்களா?

முரண்படவில்லை என்பதுதான் என் பதில். இரட்சிப்பைத் தருவது தேவனுடைய கிருபை, அதாவது தகுதி பார்க்காமல் அவர் காட்டும் தயவு, அதைப் பெற்றுக்கொள்வது விசுவாசம், அந்த விசுவாசத்துக்கு உயிர் இருந்தால் கிரியை வந்தே தீரும். இந்த வரிசையைக் கலைத்துவிட்டால்தான் குழப்பம். கிரியையை முதலில் வைத்தால் இரட்சிப்பு கூலியாகிவிடுகிறது, கிரியையே வேண்டாம் என்று விட்டுவிட்டால் விசுவாசம் வெறும் வாய்ச்சொல்லாகிவிடுகிறது.

"கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்" என்ற எபேசியர் 2:8 பலருக்கும் மனப்பாடம். 9-வது வசனத்தையும் சொல்லிவிடுவார்கள், அது கிரியைகளினால் உண்டானதல்ல, ஒருவரும் பெருமைபாராட்ட முடியாது என்று. அதோடு நிறுத்திவிடுகிறோம். அடுத்த வசனமே, நற்கிரியைகளைச் செய்வதற்காக நாம் கிறிஸ்துவுக்குள் சிருஷ்டிக்கப்பட்டிருக்கிறோம் என்கிறது. மூன்று வசனங்களையும் ஒரே மூச்சில் படித்தாலே பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

சரி, யாக்கோபு? மனுஷன் விசுவாசத்தினால் மாத்திரமல்ல, கிரியைகளினாலும் நீதிமானாக்கப்படுகிறான் என்று 2:24-ல் எழுதுகிறார். நியாயப்பிரமாணத்தின் கிரியைகள் இல்லாமல் விசுவாசத்தினாலேயே என்று ரோமர் 3:28-ல் பவுல் எழுதியதற்கு நேர் எதிர் போலத்தான் தெரிகிறது. ஆனால் இருவரும் ஆபிரகாமைத்தான் சாட்சிக்கு அழைக்கிறார்கள், ஆனால் அவருடைய வாழ்க்கையின் வேறு வேறு கட்டத்தில் நின்றுகொண்டு. பவுல் ஆதியாகமம் 15-ல் நிற்கிறார். பிள்ளையே இல்லாத ஒரு கிழவர் வாக்குத்தத்தத்தை நம்புகிறார், அது அவருக்கு நீதியாக எண்ணப்படுகிறது. விருத்தசேதனம் என்ற உடன்படிக்கைச் சடங்கை அவர் செய்துகொண்டது 99 வயதில். இஸ்மவேல் பிறந்தபோது அவருக்கு 86 வயது, 15-ம் அதிகாரமோ அதற்கும் முந்தியது. ஆக, குறைந்தது 13 வருஷத்துக்கு முன்பே அவர் நீதிமானாக எண்ணப்பட்டுவிட்டார். ரோமர் 4-ல் பவுல் இந்தக் காலவரிசையை வைத்துத்தான் வாதாடுகிறார்: ஒரு சடங்கும் செய்யாதபோதே தேவன் அவரை ஏற்றுக்கொண்டாரே, பிறகு யூதரல்லாத புறஜாதியாரிடம் மட்டும் ஏன் முதலில் அதைச் செய்துவிட்டு வா என்கிறீர்கள்?

யாக்கோபு நிற்பது 22-ம் அதிகாரத்தில், ஈசாக்கை பலிபீடத்தில் கிடத்திய இடத்தில். அதற்குள் ஆபிரகாம் நீதிமானாக எண்ணப்பட்டு எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. அன்று நம்பியது உண்மைதானா என்பது அங்கேதான் வெளியே தெரிந்தது. அந்தச் சம்பவத்தில், நீதியாக எண்ணப்பட்டது என்ற அந்த வேதவாக்கியம் நிறைவேறிற்று என்று யாக்கோபே எழுதுகிறார், அதாவது ஆதியாகமம் 15:6-ஐ அவர் தள்ளவில்லை. பவுலுக்கு முன்னால் இருந்தவர்கள் நியாயப்பிரமாணத்தைக் கைக்கொண்டால்தான் தேவனுடைய ஜனம் ஆக முடியும் என்றவர்கள். யாக்கோபுக்கு முன்னால் இருந்தவர்களோ, வஸ்திரமும் ஆகாரமும் இல்லாத சகோதரனைப் பார்த்து "சமாதானத்தோடே போங்கள்" என்று சொல்லிவிட்டு விசுவாசி என்று பெயர் வைத்துக்கொண்டவர்கள். தேவன் ஒருவர் உண்டென்று பிசாசுகளும் விசுவாசித்து நடுங்குகின்றன என்று அவர் சொல்வது இவர்களிடம்தான். கலாத்தியர் 5:6-ல் அன்பினால் கிரியைசெய்கிற விசுவாசமே உதவும் என்று பவுலும் இதையே சொல்லிவிடுகிறார்.

எனக்கு இதைவிடக் கவலை தருவது வேறொன்று. கிரியையால் இல்லை என்று ஒப்புக்கொண்ட பிறகும் பலர் விசுவாசத்தையே ஒரு கிரியையாக மாற்றிக்கொள்கிறார்கள். என் விசுவாசம் போதுமா, இன்னும் உறுதியாக நம்பியிருந்தால் தேவன் ஏற்றுக்கொண்டிருப்பாரோ என்று உள்ளுக்குள் அளந்துகொண்டே இருப்பார்கள். மனசாட்சி கூர்மையான நல்ல மனிதர்கள்தான் இதில் அதிகம் வாடுகிறார்கள், அதைப் பார்க்கவே வேதனையாக இருக்கிறது. மாற்கு 9-ல் பிள்ளைக்காக வந்த தகப்பன், விசுவாசிக்கிறேன், என் அவிசுவாசம் நீங்க உதவிசெய்யும் என்று கண்ணீரோடு கதறுகிறான். அரைகுறை விசுவாசம், அதை மறைக்கவும் இல்லை. இயேசு அவனைத் திருப்பி அனுப்பினாரா? பிள்ளையைக் குணமாக்கினார். விசுவாசத்தின் பலம் முழுவதும் அது யாரைப் பிடித்திருக்கிறது என்பதில் இருக்கிறது, எவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்கிறது என்பதில் இல்லை.

லூக்கா 15-ல் இயேசு சொன்ன உவமையில், சொத்தை அழித்துவிட்டுத் தகப்பனிடம் திரும்பும் இளைய மகனும் அப்படித்தான், தகுதியை அளந்துகொண்டே வருகிறான். "உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும்" என்று சொல்ல வேண்டும் என முடிவு செய்துகொண்டு புறப்படுகிறான். வீட்டுக்கு வந்து பேசும்போது அந்த வரி மட்டும் வரவில்லை, கவனித்துப் பாருங்கள். அதற்குள் தகப்பன் வஸ்திரமும் மோதிரமும் கொண்டுவரச் சொல்லிவிடுகிறார். கூலிக்கணக்கு பேசுவது மூத்தவன்தான், இத்தனை வருஷம் உமக்கு ஊழியம் செய்தேனே என்று. வீட்டிலேயே இருந்தவன் அவன், ஆனால் கடைசியில் உள்ளே வர மாட்டேன் என்று நிற்பவனும் அவனே.

கத்தோலிக்கர்கள் கிரியையால் இரட்சிப்பு என்று போதிக்கிறார்கள் என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அது நியாயமில்லை. கிருபை இல்லாமல் சொந்த முயற்சியால் மனிதன் நீதிமானாகலாம் என்பதை 1547-ல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் தன் முதல் நியதியிலேயே கண்டித்திருக்கிறது. விசுவாசத்தினால் மட்டுமே என்று சொன்ன சீர்திருத்தவாதி லூத்தரும் கிரியை வேண்டாம் என்றவர் இல்லை. யாக்கோபின் நிருபத்தை வைக்கோல் என்று எழுதிய அதே 1522-ல்தான், ரோமருக்கு எழுதிய முன்னுரையில் விசுவாசம் நன்மை செய்யாமல் இருக்கவே முடியாது என்றும் எழுதினார். 1999 அக்டோபர் 31-ம் தேதி ஆக்ஸ்பர்க் நகரில் லூத்தரன் உலக சம்மேளனமும் கத்தோலிக்கத் திருச்சபையும் இதைப் பற்றிக் கூட்டுப் பிரகடனத்தில் கையெழுத்திட்டன. வேறுபாடுகள் தீர்ந்துவிடவில்லை. நீதிமானாக்கப்படுதல் தேவன் அறிவிக்கும் தீர்ப்பா, உள்ளே நடக்கும் மாற்றமா என்பதில் இன்றும் அழுத்தம் வேறு வேறுதான்.

அப்புறம், மத்தேயு 25-ஐக் கேட்பீர்கள். பசித்தவனுக்குக் கொடுத்தாயா என்றுதானே அங்கே நியாயத்தீர்ப்பு? ஆமாம், அதை மழுப்பக் கூடாது. ஆனால் வலதுபக்கம் நிற்பவர்கள், ஆண்டவரே, நாங்கள் எப்பொழுது உம்மைப் பசியுள்ளவராகக் கண்டோம் என்று கேட்கிறார்கள். அவர்களிடம் கணக்கே இல்லை. பரலோகத்துக்கு விலையாகக் கொடுத்திருந்தால் ஒவ்வொன்றையும் எழுதி வைத்திருப்பார்கள்.