எல்லாச் சூடும் வயசுச் சூடு இல்லை

வாசகர் கேள்வி–பதில்: பெண்கள் உடல்நலம்

டர்பனில் புழுக்கம் ஏறத் தொடங்கியதும் முகத்துக்கு ஏறும் சூடும் வியர்வையும் மாதவிலக்கு நிற்கும் மெனோபாஸால்தானா என்ற ஒரே விஷயத்தைப் பற்றிய கடிதங்கள் சேர்ந்துவிட்டன. பெயர்களை நீக்கி, ஊரை மட்டும் விட்டிருக்கிறோம்.

கேள்வி: எனக்கு 46 வயது. மாதவிலக்கு ஒரு தடவை 24 நாளில் வருகிறது, அடுத்தது 40 நாள் ஆகிறது. நாளுக்கு மூன்று நான்கு முறை முகத்துக்குச் சூடு ஏறுகிறது. என் அக்காவுக்கு இதே வயதில் வியர்த்துக் கொட்டும். எனக்கு ஒரு சொட்டு வியர்வை இல்லை. முகமும் காதும் காந்துகிறது, அரை மணி நேரம்கூட நீடிக்கிறது. கண்ணாடியில் சிவப்பே தெரியாததால் வீட்டில் யாரும் நம்புவதில்லை. பிரஷருக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறேன், வேறு மருந்து இல்லை. இது மெனோபாஸ்தானா?
— வாசகி, சாட்ஸ்வர்த்

பதில்: மாதவிலக்குக் கணக்கு மாறுவதைப் பார்த்தால் நீங்கள் பெரிமெனோபாஸில் (மாதவிலக்கு நிற்பதற்கு முந்தைய மாற்றக் காலத்தில்) இருக்கிறீர்கள் என்றுதான் தோன்றுகிறது. அதற்காக முகத்தில் காந்தும் இந்தச் சூட்டையும் அதன் கணக்கிலேயே எழுதிவிட வேண்டாம்.

ஹாட் ஃபிளஷ் எனப்படும் வழக்கமான மெனோபாஸ் சூடு இப்படி வரும்: நெஞ்சிலோ கழுத்திலோ திடீரென்று சூடு பிடித்து முகத்துக்கு ஏறும், நெஞ்சு படபடக்கும், வியர்க்கும், வியர்வை அடங்கும்போது குளிர் தட்டும். எல்லாம் பெரும்பாலும் ஒன்றிலிருந்து ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஈஸ்ட்ரோஜன் ஏறி இறங்கும்போது மூளையின் ஹைப்போதலாமஸில் உடல் வெப்பத்தைக் கவனிக்கும் நரம்பணுக்கள் அளவுக்கு மீறி உசுப்பப்படுகின்றன. உடம்பு கொஞ்சம் சூடானாலே ‘மிகவும் சூடாகிவிட்டது’ என்று அவை எடுத்துக்கொள்ளும். தோலின் ரத்தக்குழாய்களை விரித்து, வியர்வையையும் திறந்துவிடும். ஆகவே வியர்வை இதில் பெரும்பாலும் கூடவே வரும். வியர்வையே இல்லாமல் அரை மணி நேரம் காந்துகிறது என்றால், ரத்தக்குழாய் மட்டும் நேரடியாக விரிகிறதா என்று பார்க்க வேண்டும்.

அதைச் செய்யக்கூடிய மருந்து உங்கள் கையிலேயே இருக்கிறது. அம்லோடிபின் வேலை செய்வதே ரத்தக்குழாயை விரித்துத்தான். மாத்திரையைத் தொடங்கிய புதிதிலோ, 5 மில்லிகிராமை 10 ஆக்கியபோதோ முகச்சூடு வருவது பலருக்கு நடக்கிறது. மாலையில் கணுக்கால் வீங்கினால் சந்தேகம் இன்னும் வலுக்கும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். சூடு தொடங்கிய மாதத்தையும் அளவு கூட்டிய மாதத்தையும் ஒரு தாளில் எழுதி கிளினிக் சிஸ்டரிடமோ டாக்டரிடமோ காட்டுங்கள். அளவைக் குறைக்கவோ வேறு வகை பிரஷர் மாத்திரைக்கு மாற்றவோ அவர்களால் முடியும்.

கெமிஸ்டில் வாங்கும் ‘எனர்ஜி’ வைட்டமின் புட்டியின் பின்பக்கத்தையும் படியுங்கள். நியாசின் அல்லது நிக்கோட்டினிக் ஆசிட் என்று 50 மில்லிகிராமுக்குப் பக்கத்தில் போட்டிருந்தால், விழுங்கிய அரை மணிக்குள் முகம் தீயாக எரியலாம். ‘வைட்டமின்தானே’ என்று பலரும் இதை மருந்துக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

இனி கண்ணாடி விஷயம். நம் நிறத்தில் சிவப்பு எளிதில் தெரியாது. மருத்துவப் புத்தகப் படங்கள் பெரும்பாலும் வெளுத்த தோலை வைத்து எடுத்தவை. சூடு வரும்போது புறங்கையைக் கன்னத்திலும் பிறகு வயிற்றிலும் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு படம், சூடு அடங்கியபின் அதே இடத்தில் இன்னொரு படம் எடுத்து வையுங்கள். மூக்கின் இருபுறமும் தோல் சொரசொரத்து, சின்னச் சின்னக் கட்டி எழும்பி, வெயிலிலும் மிளகாய்க் காரத்திலும் எரிச்சல் கூடினால் அது ரோசேசியா என்ற தோல் நோயாக இருக்கலாம். கறுத்த தோலில் அதை முகப்பரு என்று நினைத்து ஸ்டீராய்டு கிரீம் தடவிவிடுகிறார்கள். அதனால் நாளடைவில் மோசமாகும்.

இரண்டு வாரம் ஒரு நோட்டில் குறியுங்கள்: மணி, எத்தனை நிமிடம், வியர்வை உண்டா, அதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்தில் சாப்பிட்டது, குடித்தது, விழுங்கியது. கூடவே வேறென்ன வந்தது என்பதையும் எழுதுங்கள், அதுதான் முக்கியம். வியர்வையில்லாத சூட்டோடு தண்ணீராக வயிற்றுப்போக்கும் மூச்சில் விசிலும் சேர்ந்தால், கார்சினாய்டு என்ற அரிய கட்டியைத் தேட 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரித்து 5-ஹெச்.ஐ.ஏ.ஏ. (செரட்டோனின் சிதைந்து வரும் பொருள்) பார்ப்பார்கள். அதற்கு முந்தைய மூன்று நாள் வாழைப்பழம், அன்னாசி, அவகாடோ, தக்காளி, கத்தரிக்காய், வால்நட் சாப்பிடக் கூடாது. சாப்பிட்டால் இல்லாத நோய் இருப்பதுபோல் காட்டும். அரிப்பு, தடிப்பு, தலைசுற்றி விழுவது சேர்ந்தால் ரத்தத்தில் டிரிப்டேஸ் (அலர்ஜி அணுக்கள் வெளிவிடும் நொதி) பார்க்க வேண்டும். அந்த ரத்தத்தைச் சூடு வந்த நான்கு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும், மறுநாள் போய்ப் பயனில்லை. முகம் சிவப்பதற்குப் பதிலாக வெளிறி, மண்டையைப் பிளக்கும் தலைவலியும் படபடப்பும் வியர்வையும் பிரஷர் எகிறுவதும் ஒன்றாக வந்தால் அட்ரினல் சுரப்பியைச் சோதிப்பார்கள். இவை மூன்றும் அரிதானவை. சோதனையின் பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம்.

கேள்வி: 49 வயது, 8 வருடமாகச் சர்க்கரை. மெட்ஃபார்மினும் கிளிக்லசைடும் எடுக்கிறேன், ராத்திரியில் இன்சுலினும் போடுகிறேன். விடியற்காலை 3 மணிக்கு நைட்டி நனைந்து எழுகிறேன். எல்லாரும் ‘ஹாட் ஃபிளஷ், பழகிப் போகும்’ என்கிறார்கள்.
— வாசகி, ஃபீனிக்ஸ்

பதில்: பழகிக்கொள்ளும் முன் விரலைக் குத்திப் பாருங்கள். கிளிக்லசைடும் இரவு இன்சுலினும் எடுப்பவருக்கு 3 மணி வியர்வை என்றால் முதல் சந்தேகம் சர்க்கரை இறக்கம். கைநடுக்கம், பசி, கெட்ட கனவு, காலையில் தலைவலி இருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். மீட்டரைத் தலைமாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். 4.0 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் நான்கு தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்தோ, ஒரு சிறு தம்ளர் பழச்சாறோ குடியுங்கள். சர்க்கரையில்லாத டயட் கோலாவால் பயனில்லை. 15 நிமிடம் கழித்து மறுபடி குத்திப் பாருங்கள். ஏறியதும் ஒரு துண்டு ரொட்டி சாப்பிட்டுப் படுங்கள். அந்த எண்களோடு அதே வாரம் கிளினிக்குக்குப் போனால் மருந்தின் அளவை மாற்றுவார்கள். இரவுச் சாப்பாட்டைத் தவிர்த்த நாளில்தான் இது வருகிறதா என்றும் பாருங்கள். விரத மாதங்களில் இது நிறைய நடக்கிறது.

எண் 6, 7 என்று நன்றாகவே இருந்து, சூடு ஏறி வியர்த்து ஐந்து நிமிடத்தில் குளிர்ந்தால் ஹாட் ஃபிளஷ் என்று எடுத்துக்கொள்ளலாம்.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, தென் ஆப்பிரிக்காவில் இருந்துகொண்டு அதைச் சொல்லாமல் விட முடியாது. படுக்கை விரிப்பே நனையும் வியர்வை, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், காரணமில்லாமல் எடை குறைதல், மாலைக் காய்ச்சல் இருந்தால் காசநோய்க்குச் சளிப் பரிசோதனை செய்யுங்கள். அரசு கிளினிக்கில் இலவசம். சர்க்கரை நோயாளிக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு. ‘அந்த நோய் நம்ம வீட்டில் வராது’ என்ற பேச்சால் பலருக்கு மாதக்கணக்கில் வைத்தியம் தள்ளிப்போகிறது.

சர்க்கரை எண் சரியாக இருந்து, நாள் முழுதும் சூடாகவே இருக்கிறது, கை நடுங்குகிறது, பசித்துச் சாப்பிட்டும் இளைக்கிறீர்கள் என்றால் தைராய்டுக்கு டி.எஸ்.ஹெச். பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: போன ஜூலையில் சார்டீன் மீன் கூட்டம் கரைக்கு வந்தபோது வாங்கி வறுத்துச் சாப்பிட்டோம். அரை மணியில் எனக்கு முகம், கழுத்து எல்லாம் காந்தி, தலைவலி, படபடப்பு. 50 வயது என்பதால் ஹாட் ஃபிளஷ் என்று நினைத்தேன். ஆனால் என் மகனுக்கும் அப்படியே! மீன் அலர்ஜியா?
— வாசகி, இசிபிங்கோ

பதில்: மகனுக்கும் வந்ததால் மெனோபாஸை விட்டுவிடலாம். இருவருக்கும் ஒரே நேரத்தில் புதிதாக அலர்ஜி வருவதும் நம்பும்படியில்லை. இது ஹிஸ்டமின் விஷம், அலர்ஜியில் உடம்பு வெளிவிடும் அதே ரசாயனம். சார்டீன், கானாங்கெளுத்தி, சூரை, யெல்லோடெயில், ஸ்னூக் போன்ற மீன்களின் தசையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். கரையில் வாளியிலோ கார் பூட்டிலோ ஐஸ் இல்லாமல் கிடந்தால் பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். நாற்றம் வராமலே இது நடக்கும். சிலருக்கு மட்டும் மிளகு போல நாக்கில் சுருக்கென்று தெரியும். வறுத்தாலும் குழம்பு வைத்தாலும் பிறகு ஃபிரீசரில் போட்டாலும் ஹிஸ்டமின் அழியாது. மீன் கைக்கு வந்ததும் ஐஸில் புதைத்து 4 டிகிரிக்குக் கீழே வைப்பது ஒன்றுதான் வழி.

சாதாரணமாகச் சில மணி நேரத்தில் அடங்கிவிடும், செடிரிசின் 10 மில்லிகிராம் உதவும். மூச்சு இறுகினாலோ தலைசுற்றிக் கண் இருண்டாலோ உடனே மருத்துவமனை. நல்ல மீனை இனியும் தாராளமாகச் சாப்பிடலாம்.

காசநோய்க்கோ அதைத் தடுக்கவோ ஐசோனியசிட் மாத்திரை எடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. குடலில் ஹிஸ்டமினைச் சிதைக்கும் நொதியை அந்த மருந்து மட்டுப்படுத்துவதால், மற்றவர்களுக்கு ஒன்றும் செய்யாத டின் டுனாவும் பழைய சீஸும்கூட அவர்களுக்கு முகச்சூட்டைக் கொண்டுவரலாம். மாத்திரையை நிறுத்த வேண்டாம், அந்த மாதங்களில் இவ்வகை உணவை ஒதுக்கினால் போதும்.

கேள்வி: 47 வயது. எஃப்.எஸ்.ஹெச். ரத்தப் பரிசோதனை ‘நார்மல்’ என்று வந்தது. அப்படியானால் என் சூடு மெனோபாஸ் இல்லையா?
— வாசகி, டொங்காட்

பதில்: அந்தச் செலவு தேவையில்லாதது. பெரிமெனோபாஸில் எஃப்.எஸ்.ஹெச். (கருப்பையோடு சேர்ந்த முட்டைப்பையைத் தூண்டும் ஹார்மோன்) வாரத்துக்கு வாரம் ஏறி இறங்கும். ஒரு நாள் எண்ணை வைத்து ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. 45 வயதைத் தாண்டியவருக்கு மாதவிலக்கு மாற்றமும் அறிகுறியுமே போதும். 45-க்குக் கீழே, முக்கியமாக 40-க்குக் கீழே இருப்பவருக்குத்தான் அந்தப் பரிசோதனை அவசியம்.

கேள்வி: 52 வயது. கடைசி மாதவிலக்கு 14 மாதத்துக்கு முன். நாளுக்கு பத்துத் தடவை வியர்த்துக் கொட்டுகிறது, தூக்கம் போயிற்று. ஹார்மோன் எடுத்தால் மார்பகப் புற்றுநோய் வரும் என்று தங்கை தடுக்கிறாள்.
— வாசகி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: உங்கள் தங்கையின் பயம் 2002-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் இருந்து வந்தது. அதில் கலந்துகொண்டவர்களின் சராசரி வயது 63. ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்த்து எடுத்த 10,000 பெண்களில் ஒரு வருடத்துக்குக் கூடுதலாக 8 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. அந்த ஆபத்தை இல்லை என்று சொல்ல மாட்டோம். தூக்கமில்லாத உங்கள் நிலையோடு அதை எடைபோட வேண்டியவர் நீங்கள். 60 வயதுக்குள், அல்லது மாதவிலக்கு நின்ற 10 வருடத்துக்குள் தொடங்கினால் பெரும்பாலானவர்களுக்கு நன்மையே கூடுதல். கர்ப்பப்பை இருந்தால் ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்டிரோன் கட்டாயம், இல்லாவிட்டால் கர்ப்பப்பையின் உட்சுவர் தடித்துப் புற்றுநோய் வரலாம். பிரஷர், பருமன் உள்ளவர்களுக்கு மாத்திரையைவிடத் தோலில் ஒட்டும் பேட்ச் நல்லது, ரத்தம் உறையும் ஆபத்து குறைவு.

மார்பகப் புற்றுநோய் வந்தவர், காலில் ரத்தக்கட்டி வந்தவர், காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவர் இதை எடுக்கக் கூடாது. அவர்களுக்கு வென்லாஃபாக்சினைக் குறைந்த அளவிலோ, இரவு வியர்வைக்கு கபாபென்டினோ கொடுப்பார்கள். மார்பகப் புற்றுநோய்க்கு டமாக்சிஃபென் எடுப்பவருக்கு பரோக்செடின் என்ற மனச்சோர்வு மருந்து கூடாது, அது டமாக்சிஃபெனின் வேலையைக் கெடுக்கும். கடையில் விற்கும் பிளாக் கோஹோஷ் என்ற மூலிகை கல்லீரலைப் பாதித்த சம்பவங்கள் உண்டு, நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

வீட்டில் செய்யக்கூடியது கொஞ்சம்தான். பாலியெஸ்டர் நைட்டிக்குப் பதில் பருத்தி, கொதிக்கக் கொதிக்க டீ குடிப்பதைக் குறைப்பது, ராத்திரியில் மது வேண்டாம். மிளகாயைக் குறைத்துப் பார்க்கலாம், ஆனால் டர்பன் கறியைக் காரமில்லாமல் சாப்பிடச் சொல்லி உங்களைத் தண்டிக்க மனமில்லை. நோட்டில் அதுதான் காரணம் என்று தெரிந்தால் மட்டும் குறையுங்கள்.

மாதவிலக்கு நின்று ஒரு வருடம் ஆனபின் ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் ஹார்மோனைப் பற்றி யோசிக்கும் முன் ஸ்கேன் செய்ய வேண்டும்.

கேள்வி: 48 வயது. ஐந்து மாதமாக மாதவிலக்கு இல்லை, சூடு வருகிறது. இனி கருத்தடை தேவையில்லைதானே?
— வாசகி, ஸ்டேங்கர்

பதில்: தேவை. முதலில் கர்ப்பப் பரிசோதனை செய்யுங்கள், கர்ப்பத்திலும் உடம்பு சூடாகும். 50-க்குள் நின்றால் கடைசி மாதவிலக்கில் இருந்து இரண்டு வருடம், 50-க்கு மேல் நின்றால் ஒரு வருடம் கருத்தடை தொடர வேண்டும். மெனோபாஸுக்குக் கொடுக்கும் ஹார்மோன் பேட்ச் கருத்தடையாக வேலை செய்யாது.