எண்பது சதவீதத்திலேயே நிற்கும் வீடு

கேள்வி: ஒரே சமயத்தில் நான்கு வீடுகள் கட்டிக்கொடுக்கிறேன். எந்த சைட்டைக் கேட்டாலும் 'எண்பது பர்சென்ட் முடிஞ்சிருச்சு சார்' என்கிறார் மேஸ்திரி. மாதம் கழித்துக் கேட்டாலும் அதே எண்பதுதான். கண்காணிக்க என்ன முறை வைக்கலாம்?
- கட்டட ஒப்பந்ததாரர், திருச்சி

பதில்: முதலில் சதவீதம் கேட்பதை நிறுத்துங்கள். கூரைத் தளம் போட்டதுமே வீடு முக்கால்வாசி முடிந்ததுபோலத் தெரியும். நாளைத் தின்னும் பூச்சு, வயரிங், டைல்ஸ், பெயின்ட் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஒவ்வொரு வீட்டையும் 25, 30 வேலைகளாகப் பிரியுங்கள். எதுவும் இரண்டு வாரத்துக்கு மேல் இழுக்கக் கூடாது. எதிரே எஸ்டிமேட் தொகையை எழுதுங்கள். முடிந்தால் முழுத்தொகை, இல்லாவிட்டால் பூஜ்யம்; பாதி கிடையாது. 'தளம் முடிந்தது' என்றால் கியூரிங் (தண்ணீர் விட்டு ஊறவைப்பது) முடிந்து, சென்ட்ரிங்கும் (கான்கிரீட்டைத் தாங்கும் பலகை, முட்டு) பிரித்தாயிற்று என்று பொருள். இதை முன்கூட்டியே எழுதிவைக்காவிட்டால் சண்டைதான்.

30 லட்ச ரூபாய் வீடு என்று வையுங்கள். திட்டப்படி இன்றைக்கு 15 லட்சத்துக்கு வேலை முடிந்திருக்க வேண்டும். முடிந்தவற்றைக் கூட்டினால் 12, செலவு 14. செலவை மட்டும் பார்ப்பவர் ஒரு லட்சம் மிச்சம் என்பார். ஆனால் 12 லட்ச வேலைக்கு 14 போயிருக்கிறது. இதே போக்கில் வீடு 35 லட்சத்தில்தான் நிற்கும். இறக்கிவைத்து இன்னும் பயன்படுத்தாத கம்பி, சிமென்ட்டைச் செலவில் கழித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள்.

கேள்வி: மேஸ்திரி தரும் கணக்கை எப்படிச் சரிபார்ப்பது?

பதில்: சிமென்ட் மூட்டையை எண்ணுங்கள். ஆயிரம் சதுர அடித் தளம், 5 அங்குலக் கனம் என்றால், பீம் நீங்கலாக, ஏறக்குறைய 12 கன மீட்டர் கான்கிரீட். ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று (சிமென்ட், மணல், ஜல்லி) கலவையில் கன மீட்டருக்கு 8 மூட்டை. ஆக 95 மூட்டை அளவில் வரும். 120 ஆகியிருந்தால் உடனே திருட்டு என்று பாயாதீர்கள். பலகை தொய்ந்து கனம் கூடியிருக்கலாம். 75-தான் என்றால்தான் பயப்பட வேண்டும்; கலவையில் சிமென்ட்டோ, தளத்தில் கனமோ குறைந்திருக்கலாம். அப்போது 28 நாள் கியூப் சோதனை (தளம் போட்டபோது எடுத்துவைத்த கான்கிரீட் கட்டியை அழுத்தி உடைத்துப் பார்ப்பது) முடிவைப் பார்க்காமல் மேல்மாடிச் சுவரை எழுப்பாதீர்கள்.

தினசரித் தாளில் ஐந்து கட்டம் போதும்: ஆள் கணக்கு, முடிந்த வேலை, வந்த பொருள், செலவான பொருள், எது எதனால் நின்றது. இருபது கட்டம் வைத்தால் சனிக்கிழமை சாயங்காலம் ஆறு நாளுக்கும் ஒரே பேனாவில் எழுதி நீட்டுவார். கடைசிக் கட்டத்தை மட்டும் நான்கு சைட்டுக்கும் சேர்த்து வைத்துப் படியுங்கள். ஒரே வாரத்தில் இரண்டு இடத்தில் 'எம் சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) வரலை' என்றிருந்தால், கேட்க வேண்டியது மேஸ்திரியை அல்ல. லோடு சொல்லும் உங்கள் ஆபீசை.