மொரிஸ் மைனர் போன்ற பழைய மலிவுக் காரை இன்னும் வைத்திருப்பதில் என்ன பயன்?

கேட்டவரின் வீட்டு முற்றத்தில் அப்பாவின் கார் ஒன்று நிற்கிறது, விற்றுவிடலாமா என்று யோசிக்கிறார் போலிருக்கிறது. அவசரப்படாதீர்கள்.

மொரிஸ் மைனர் 1948இல் வந்தது. வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், கார் ஒடுங்கிப்போய்த் தெரிகிறது என்று கடைசி நேரத்தில் மாதிரிக் காரை நெடுக்காக அறுத்து நாலு அங்குலம் அகட்டினார். பொனட்டின் நடுவில் தட்டையாக ஒரு பட்டி ஓடுகிறதே, அது அந்த நாலு அங்குலம்தான். உற்பத்தியில் பத்து லட்சத்தைத் தொட்ட முதல் பிரிட்டிஷ் கார் இது.

லட்சக்கணக்கில் செய்து தள்ளிய சாமானில் என்ன பெருமை என்று சிலர் கேட்பார்கள். பெருமையே அதில்தான் இருக்கிறது. 1952க்குப் பிறகு மைனருக்குப் பூட்டிய ஏ-சீரிஸ் எஞ்சினைத்தான் ஒஸ்டின் ஏ35க்கும் பிறகு மினிக்கும் போட்டார்கள். ஒன்றின் சாமான் பல இடங்களில் மற்றதற்குப் பொருந்தும்.

என் அப்பா மட்டக்களப்பு கல்லடியில் மைனரை வாடகைக்கு, அதாவது ஹயர், ஓடியவர். யுத்த காலத்தில் கொழும்பிலிருந்து ஸ்பெயார்ஸ் எடுப்பது பெரும்பாடு. ஒருமுறை வாட்டர் பம்ப் போய்விட்டது. காத்தான்குடியில் கராஜ் வைத்திருந்த காக்கா (முஸ்லிம் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம்), வேலியோரம் கிடந்த ஒஸ்டினில் இருந்து பம்பைக் கழற்றினார். பழைய பாக்கிங்கைச் சுரண்டிவிட்டு, தடித்த கடதாசியைப் பம்பின் முகத்தில் வைத்து, சுத்தியலால் விளிம்போரம் மெல்லத் தட்டியே புதுப் பாக்கிங் வெட்டி எடுத்தார். ஓட்டைகள் அச்சொட்டாக இருந்தன. “எடு மனே, ஸ்டார்ட் பண்ணு” என்றார். அன்று பின்னேரமே அப்பா ஹயருக்குப் போனார்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்கிறேன். அதே காக்கா பின்னர் கராஜைப் பெருப்பிக்கக் கடன் கேட்டபோது, தொழிற்சான்றிதழ் இல்லை என்று ஒரு வங்கி திருப்பி அனுப்பியது. அவர் கைபடாத வாகனம் எங்கள் பக்கத்தில் குறைவு. இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

ஏர்பேக் உண்டா, ஏசி உண்டா என்று கேட்பவர்களுக்கு: இல்லை. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தினமும் கொழும்புக்கு ஓடச் சொல்லவும் இல்லை. டவுனுக்குள் ஓடலாம், உள்ளூரிலேயே திருத்தலாம். 2020இல் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்தியபோது பழைய கார்களைக் கேட்டு எத்தனை பேர் வந்தார்கள்!

வைத்திருப்பதானால் முதலில் கறள் (துரு) பாருங்கள். இந்தக் காருக்குத் தனிச் சேசிஸ் (அடிச்சட்டம்) கிடையாது, உடலே பாரத்தைச் சுமக்கிறது. எங்கள் கடற்காற்று அடித்தகட்டைத்தான் முதலில் தின்னும். கம்பளத்தைத் தூக்கி, ஸ்க்ரூட்ரைவரால் குத்திப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.