டீச்சரிடம் கேளுங்கள்: போட்டோ அனுப்பாத மருமகள்

கேள்வி: அன்புள்ள டீச்சர், எங்களுக்கு ஒரே மகன். நான் கொழுந்து எடுத்தும், அவங்க அப்பா தேயிலை ஸ்டோரில் வேலை செய்தும் படிக்க வைத்தோம். இப்போது அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில், லான்காஸ்டர் என்ற ஊரில் கம்ப்யூட்டர் வேலை. வயது 27. அங்கே சந்தையில் ஜேம் விற்கிற ஒரு பெண்ணைப் பிடித்திருக்கிறதாம், கட்டினால் அவளைத்தான் கட்டுவேன் என்கிறான். ஏதோ அமிஷ் என்ற சாதியாம். வீட்டில் கரண்ட் இல்லையாம், கார் இல்லையாம். போட்டோ அனுப்படா என்றால், "அவங்க போட்டோ எடுக்க மாட்டாங்கம்மா" என்கிறான். எதையோ மறைக்கிறானா? இவனை மதம் மாற்றிவிடுவார்களா? அவங்க அப்பா இரண்டு வாரமாக அவனோடு பேசவில்லை.
- ஒரு தாய், பொகவந்தலாவை

பதில்: தங்கச்சி, முதலில் போட்டோ விஷயம். அதில் உங்கள் மகன் பொய் சொல்லவில்லை. 2016இல் மகளைப் பார்க்கப் போனபோது லான்காஸ்டருக்கு ஒரு நாள் கூட்டிப்போனாள். சோளக்காட்டு ஓரமாகக் குதிரை வண்டி ஒன்று வந்தது. கறுப்புத் தொப்பியோடு ஒரு பெரியவர், பக்கத்தில் சின்னப் பையன். நான் போனைத் தூக்கினேன். மகள் என் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள். உருவம் செய்யாதே என்று பைபிளில் வருகிற கட்டளையை அவர்கள் போட்டோவுக்கும் பொருத்திப் பார்க்கிறார்கள். நின்று சிரித்துப் படம் எடுப்பது பெருமை பிடித்த வேலை என்றும் நினைப்பு. ஆகவே படம் வராது. கேட்டுக் கேட்டு அவனை நச்சரிக்க வேண்டாம்.

இரண்டாவது, அது சாதி இல்லை, ஒரு கிறிஸ்தவ சபை. சுவிட்சர்லாந்துப் பக்கம் 1693இல் யாக்கோப் அம்மான் என்ற போதகர் மற்றவர்களோடு முரண்பட்டுப் பிரிந்தார். அவர் பெயரிலிருந்துதான் அமிஷ். அடுத்த நூற்றாண்டில் கப்பலேறிப் பென்சில்வேனியா வந்தார்கள். இன்று எல்லா மாநிலங்களையும் சேர்த்தால் சுமார் 4 லட்சம் பேர். வீட்டில் பேசுவது ஒரு வகை ஜெர்மன். சபைக்கு வெளியே இருக்கிற எல்லோருக்கும் அவர்கள் வைத்திருக்கிற பெயர் 'இங்கிலீஷ்காரர்'. உங்கள் மகன் பொகவந்தலாவைத் தமிழன்தான். அவர்கள் கணக்கில் அவனும் இங்கிலீஷ்காரன்!

கரண்ட், கார் எல்லாம் பாவம் என்று அவர்கள் சொல்வதில்லை. கம்பி வழியாக ஊர் கரண்ட் வீட்டுக்குள் வரக்கூடாது, பெற்றரி இருக்கலாம். சொந்தமாகக் கார் வைத்திருக்கக்கூடாது, அவசரத்துக்கு வாடகைக் காரில் ஏறலாம். வெளியுலகம் வீட்டுக்குள் எவ்வளவு வரலாம் என்று ஒவ்வொரு சபையும் கூடிப்பேசிக் கோடு போட்டிருக்கிறது. தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் கரண்ட் வராத காலத்தில் குப்பி லாம்பில் படித்த எனக்கு, இதை ஒருவர் விரும்பிச் செய்வது விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. சரி, அது என் கதை.

இனி நீங்கள் மகனிடம் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: "அந்தப் பிள்ளை ஞானஸ்நானம் எடுத்துவிட்டதா?"

இதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அவர்கள் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. வளர்ந்த பிறகு, பெரும்பாலும் 18க்கும் 22க்கும் இடையில், தானாக வந்து முழங்காலிட்டு வாக்குக் கொடுக்க வேண்டும். 16 வயதிலிருந்து அதுவரைக்கும் கொஞ்சம் கயிறு தளர்த்தி விடுவார்கள். ரும்ஸ்ப்ரிங்கா என்று பெயர். ஓடித் திரிகிற காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெண் இன்னும் வாக்குக் கொடுக்கவில்லையென்றால், அவள் சபையில் சேராமலே வெளியே போகலாம். தாய் தகப்பன் அழுவார்கள், ஆனால் வீட்டுக் கதவு சாத்தப்படாது. வாக்குக் கொடுத்தவள் என்றால் கதை வேறு. ஞானஸ்நானம் எடுத்த அமிஷ் பெண் ஞானஸ்நானம் எடுத்த அமிஷ் ஆணைத்தான் கட்டலாம். உங்கள் மகனைக் கட்டினால் சபையிலிருந்து நீக்கிவிடுவார்கள். அதன் பிறகு வீட்டுக்கு வந்தாலும் தனி மேசையில்தான் சாப்பாடு. அவள் கையால் நீட்டுகிற பொருளை வாங்க மாட்டார்கள். அவள் காரில் ஏற மாட்டார்கள். மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டுத் திரும்பும்வரை, தேவைப்பட்டால் சாகும்வரை.

தனிச் சாப்பாடு என்று படித்ததும் எனக்கு என் சித்தி ஞாபகம்தான். 1974, பஞ்சம். மஸ்கெலியாப் பக்கம் எங்கள் தோட்டத்தில் மாவு கிடையாது, அரிசி கிடையாது. ஸ்டோரில் கட்டட வேலைக்கு வந்த வெலிமடைச் சிங்கள பாஸ் ஒருவர் ஊருக்குப் போய்வரும்போதெல்லாம் ஒரு சாக்கு மரவள்ளிக்கிழங்கு கொண்டுவந்து எங்கள் லயத்துக்குக் கொடுப்பார். கிழங்கை எல்லோரும் சாப்பிட்டோம். சித்தி அவரோடு போனதும், அப்போது எங்களில் பலருக்கு இல்லாத பிரஜாவுரிமைக்காகப் போனாள் என்றார்கள், வேறு என்னென்னவோ சொன்னார்கள். தாத்தா கங்காணி. அவள் பெயரைக் காம்பராவுக்குள் சொல்லக்கூடாது என்றுவிட்டார். 1981இல் அம்மாயி செத்த வீட்டுக்குச் சித்தி வந்தாள். வாசல் இஸ்தோப்பைத் தாண்டி உள்ளே வரவில்லை. அவளுக்கென்று ஒரு தகர டம்ளரில் தேத்தண்ணி போய்ச் சேர்ந்தது. கொண்டுபோய்க் கொடுத்தது நான். அப்போது நான் படித்துப் பட்டம் வாங்கிப் பிள்ளைகளுக்குச் சமத்துவம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த டீச்சர்.

ஆனால் அடுத்த வருஷம் சித்திக்கு மகன் பிறந்தான் என்று கேள்விப்பட்டுத் தாத்தா ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு தனியாக பஸ் ஏறி வெலிமடைக்குப் போய்விட்டார். யாரிடமும் கேட்கவில்லை. அவர் கோபம், அவரே இறக்கி வைத்தார். அந்த அமிஷ் பெண்ணின் தகப்பனுக்கு இப்படி ஒரு பஸ் கிடைக்காது. அவருக்கே ஆசை இருந்தாலும், சபை முழுக்கக் கூடி எடுத்த முடிவை அவர் ஒருவர் மாற்ற முடியாது. மாற்றினால் அவர் இருக்கிற இடத்துக்கும் ஆபத்து. இதை உங்கள் மகன் யோசித்தானா என்று தெரியவில்லை. நீங்கள் மருமகளைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள். அந்த வீட்டிலும் ஒரு தாய் இருக்கிறாள்.

மதம் மாற்றுவார்களா என்று கேட்டீர்கள். மாட்டார்கள். ஆள் பிடிக்கிற வழக்கமே அவர்களிடம் இல்லை. இவனாக விரும்பிச் சேரலாம், சட்டத்தில் தடையில்லை, ஆனால் அப்படி வெளியிலிருந்து போய் நிலைத்தவர்கள் மிகக் கொஞ்சம். ஒரு குடும்பத்தோடு தங்கி, அந்த ஜெர்மனைப் படித்து, காரையும் லெப்டொப்பையும் விட்டு, சபை நம்புகிற அளவுக்குக் காலம் கழித்து, ஞானஸ்நானம் எடுத்து, அதற்குப் பிறகுதான் பெண் கேட்கலாம். பிள்ளைகள் பிறந்தால் எட்டாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. அதற்கு மேல் அனுப்பச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமே 1972இல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு நீங்கள் அவனைப் படிக்க வைத்தது, பேரப்பிள்ளைகளை எட்டாம் வகுப்போடு நிறுத்தவா? இதை நீங்கள் கேட்கலாம். உங்களுக்கு உரிமை இருக்கிறது. தாலி கிடையாது, மோதிரம்கூடக் கிடையாது, விவாகரத்தும் கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவையுங்கள்.

இன்னொன்று. சொன்னால் கோபப்படக்கூடாது. லான்காஸ்டர் சென்ட்ரல் மார்க்கெட் வாரத்தில் மூன்றே நாள்தான், செவ்வாய், வெள்ளி, சனி. ஆபீஸ் போகிற பையன் சனிக்கிழமைதான் போயிருப்பான். ஜேம் வாங்கி, மீதிக் காசு வாங்கி, "அடுத்த வாரம் பீச் ஜேம் வருமா" என்று கேட்டு வந்திருப்பான். கடையில் நிற்கிற பிள்ளை எல்லோரிடமும் சிரித்துத்தான் பேசும். அவன் மனதில் இருப்பது அவளுக்குத் தெரியுமா? உங்கள் கடிதத்தில் அவன் என்ன சொன்னான் என்பது இருக்கிறது, அவள் என்ன சொன்னாள் என்று ஒரு வரிகூட இல்லை. ஞானஸ்நானம் பற்றிக் கேட்கும்போது இதையும் கேளுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துபோகலாம்.

அவள் சரி என்று சொல்லியிருந்தால், சட்டப்படி வயது வந்தவள் என்றால், அவள் எதையெல்லாம் விட்டு வருகிறாள் என்று எழுதிக் கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள். இவன் விடுவது என்ன என்றும் எதிரே எழுதட்டும். கணக்கு ஒரு பக்கமாகவே சாய்ந்தால் கொஞ்சக் காலம் பொறுக்கச் சொல்லுங்கள்.

அவங்க அப்பாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள், இன்றைக்கு இரவே போன் எடுக்கட்டும். மேசை தனியாகப் போடுவதை லான்காஸ்டரில் இருக்கிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள். பொகவந்தலாவையிலும் ஒன்று வேண்டாம்.

கேள்வி: டீச்சர், அமிஷ் ஆண்கள் தாடி வைத்து மீசையை மட்டும் மழிப்பது ஏன்? இதற்கும் காதலுக்கும் சம்பந்தம் உண்டா?
- ஒரு மாணவன், தலவாக்கலை

பதில்: உண்டு. கலியாணம் முடிந்ததும்தான் தாடி. அதனால் ஒரு பையனைப் பார்த்ததுமே ஆள் தனியா, கட்டியவனா என்று தெரிந்துவிடும். மீசை அந்தக் காலத்துப் பட்டாளத்துக்காரர்களின் அடையாளம், யுத்தத்துக்குப் போகாதவர்கள் நாங்கள், எங்களுக்கு வேண்டாம் என்று விட்டதாகச் சொல்வார்கள். நீ இப்போதைக்குப் பரீட்சைக்குப் படி.

கேள்வி: போனும் இல்லை, பேஸ்புக்கும் இல்லை. பெற்றோர் பேசி முடிக்கிற கலியாணமா?
- மரக்கறித் தோட்டக்காரர், நுவரெலியா

பதில்: இல்லை ஐயா, காதல் கலியாணம்தான். ஞாயிறு இரவு ஏதாவது ஒரு வீட்டில் இளம் பிள்ளைகள் கூடிப் பாட்டுப் பாடுவார்கள். முடிந்ததும் பையன் தனக்குப் பிடித்த பெண்ணைத் தன் குதிரை வண்டியில் வீட்டில் கொண்டுபோய் விடுவான். குதிரை எவ்வளவு மெதுவாகப் போகிறது என்பது பையனைப் பொறுத்தது. விஷயத்தைச் சபையில் அறிவிக்கும்வரை ரகசியமாகவே வைத்திருப்பார்கள். லான்காஸ்டர் பக்கம் அறுவடை முடிந்து, ஒக்டோபர் கடைசிக்குப் பிறகு செவ்வாயிலும் வியாழனிலும் கலியாணங்கள் வரிசையாக நடக்கும். விருந்தில் செலரி இல்லாமல் இருக்காது, சமைத்தும் வைப்பார்கள், பூப்போலப் போத்தலில் நிறுத்தியும் வைப்பார்கள். அதனால் குமரி இருக்கிற வீட்டில் அந்த வருஷம் செலரி வழக்கத்தைவிட அதிகமாக நட்டிருந்தால், அக்கம்பக்கத்துப் பெண்கள் வேலியோரம் நின்று எண்ண ஆரம்பித்துவிடுவார்கள். உங்கள் பக்கம் லீக்ஸை எவ்வளவு போட்டாலும் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள், கவலை வேண்டாம்.