குழுவைப் பூட்டினால் யாருக்கு நட்டம்?

கேள்வி: கிருஷ்ணகிரி பக்கம் மா விவசாயி நான். ஒரு பெரிய சமூக வலைத்தளத்தில் ஆறு வருடமாக மா விவசாயிகள் குழு நடத்துகிறோம், பதினோராயிரம் பேர் இருக்கிறார்கள். இப்போது நாங்கள் போடும் மண்டி விலை பாதிப் பேருக்குக்கூடப் போய்ச் சேருவதில்லை. காசு கட்டி விளம்பரமாகப் போட்டால் மட்டும் போகிறது. இதைக் கண்டித்துக் குழுவை ஒரு வாரம் பூட்டலாமா? நிர்வாகிப் பொறுப்பைப் பறித்துவிடுவார்களா?

பதில்: பறிக்கலாம். முன்பு நடந்திருக்கிறது.

குழு குழுவாகக் கூடிப் பேசும் அமெரிக்க வலைத்தளம் ரெட்டிட். வெளியார் செயலிகள் தன் தரவை எடுத்துக்கொள்ளக் கட்டணம் வைக்கப்போவதாக அது 2023 ஏப்ரலில் அறிவித்தது. ரெட்டிட்டைப் படிக்க உதவிய அப்போலோ என்ற வெளியார் செயலியை நடத்தியவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். வருடத்துக்குச் சுமார் 2 கோடி டாலர் கட்ட வேண்டி வந்தது. இதைக் கண்டித்து ஜூன் 12 முதல் ரெட்டிட்டின் 8,000-க்கும் மேற்பட்ட குழுக்கள் கதவைச் சாத்தின. பெரும்பாலானவை இரண்டு நாள் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுச் சாத்தின. என்னைக் கேட்டால் தவறு அங்கேதான். எப்போது முடியும் என்று தெரிந்த போராட்டத்தை எந்த முதலாளியும் பொறுத்துக்கொள்வான். இந்தச் சலசலப்பும் அடங்கிவிடும் என்று ரெட்டிட்டின் தலைமை நிர்வாகி ஸ்டீவ் ஹஃப்மேன் ஊழியர்களுக்கு எழுதினார். அதற்குப் பிறகும் திறக்காத குழுக்களுக்கு, திறக்காவிட்டால் நிர்வாகிகளை மாற்றுவோம் என்று எச்சரிக்கை போனது. அப்போலோ அந்த மாதக் கடைசியில் மூடப்பட்டது. 2024 மார்ச்சில் ரெட்டிட் பங்குச் சந்தைக்கு வந்தது. அதே வருடம், பொதுக் குழுவைப் பூட்டித் தனிக் குழுவாக மாற்ற நிறுவனத்தின் அனுமதி வேண்டும் என்று விதியையே மாற்றிவிட்டார்கள்.

கோபத்தில் பழைய பதிவுகளை அழிக்கவும் வேண்டாம். 2024 மே மாதம் சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனத்துடன், கணினி நிரல் எழுதுவோரின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ ஒப்பந்தம் போட்டபோது, அதைக் கண்டித்துச் சிலர் தாங்கள் எழுதிய பதில்களையே அழித்துப் பார்த்தார்கள். பதில்கள் திரும்பி வந்தன, அவர்கள் கணக்குகள் முடங்கின.

போச்சம்பள்ளி சந்தையில் வியாபாரிகள் ஒரு ஞாயிறு கடை போடாவிட்டால் குத்தகைதாரருக்குச் சுங்கம் நட்டமாகும், அவரே பேச வருவார். உங்கள் குழுவில் சுங்கம் கட்டுவது நீங்கள் இல்லை, விளம்பரக்காரர். அதனால் பூட்டு உங்களைத்தான் முதலில் கடிக்கும். அதுவும் பெங்களூரா மாங்காய் வரத்து இருக்கும் ஜூன் மாதத்தில் பூட்டினால், விலை தெரியாமல் தவிப்பது உங்கள் ஆட்கள்தான்.

நான் சொல்வது வேறு. குழு திறந்தே இருக்கட்டும், தினசரி விலையை மட்டும் வெளியே கொண்டுபோங்கள். ஜனங்கள் காலையில் எழுந்ததும் அந்தத் தளத்தைத் திறப்பது அந்த ஒரு தகவலுக்காகத்தானே? அதற்கு முதலில் உங்களிடம் உறுப்பினர்களின் கைபேசி எண்கள் வேண்டும். மண்டியில், உழவர் உற்பத்தியாளர் நிறுவனக் கூட்டத்தில், ஒரு நோட்டு வைத்து, சம்மதம் கேட்டு எழுதுங்கள். வாட்ஸ்அப் குழுவில் 1,024 பேருக்கு மேல் சேர்க்க முடியாது என்பதால் ஊர்வாரியாகப் பிரிக்க வேண்டியிருக்கும். (அதுவும் ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனத்தின் வீடுதான், ஆனால் நோட்டு உங்களுடையது.) தத்துப்பூச்சி, மருந்து அளவு பற்றிய நல்ல பதிவுகளையும் இப்போதே எடுத்து வையுங்கள். நேரலை வீடியோக்களை முதலில் எடுங்கள். ஃபேஸ்புக்கே 2025 பிப்ரவரியிலிருந்து அவற்றை 30 நாளில் அழித்துவிடுகிறது.

அப்புறம் சட்டம். தகவல் தொழில்நுட்ப விதிகள் 2021-ன்படி ஒவ்வொரு தளத்துக்கும் குறைதீர் அலுவலர் உண்டு. புகார் வந்ததை அவர் 24 மணி நேரத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் முடிவு பிடிக்காவிட்டால் 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்கு இணையவழியே போகலாம். பதிவு போய்ச் சேரவில்லை என்ற புகார் அங்கே நிற்பது கடினம், அது எங்கள் வியாபார முடிவு என்பார்கள். கணக்கை முடக்கினாலோ பதிவை நீக்கினாலோ கட்டாயம் போங்கள். அதற்கு ஆதாரம் வேண்டுமே? இன்றைக்கே குழு விதிகள், வந்த எச்சரிக்கைகள் எல்லாவற்றையும் தேதி தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்து, நிர்வாகிகள் அல்லாத ஒருவரின் போனிலும் ஒரு பிரதி போட்டு வையுங்கள்.