கூதிர் காலத்தில் ஏற்காட்டில் கதைநடை: எவ்வாறு திட்டமிடுவது?

கேள்வி: சேலம் அம்மாப்பேட்டையில் எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தினர், சிறுவர் முதல் முதியவர் வரை 25 பேர், ஐப்பசியில் ஏற்காடு சென்று, நடந்துகொண்டே ஆங்காங்கே நின்று கதை சொல்லவும் கேட்கவும் விரும்புகிறோம். என்னென்ன கவனிக்க வேண்டும்?

பதில்: கதைகளை முடிவு செய்துவிட்டு இடம் தேடாதீர்கள், இடங்களை முதலில் பாருங்கள். உங்களில் இருவர் முன்னதாகச் சென்று, 25 பேர் சாலையை மறிக்காமல் நிற்கக்கூடிய, வாகன இரைச்சல் எட்டாத மூன்று நான்கு இடங்களைக் குறித்து வந்தால், எந்தக் கதையை எங்கே சொல்வது என்பது தானே விளங்கிவிடும். ஏரிச் சாலை அழகானதுதான்; ஆயினும் விடுமுறை நாளில் அங்கே குரல் எடுபடாது.

காபித் தோட்டத்தை ஒட்டிய ஓரிடத்தில், சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி படர்ந்திருப்பதைக் காட்டியவாறு, 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த எம்.டி. காக்பர்ன் இம்மலைக்குக் காபியைக் கொண்டுவந்த வரலாற்றைச் சொல்லலாம். சேர்வராயன் கோயில் உச்சிக்குரிய கதை வேறு: குகைக்குள் சேர்வராயனும் காவேரியம்மனும் வீற்றிருக்க, அக்குகை காவிரி வரை செல்கிறது என்பது இங்குள்ளோர் நம்பிக்கை. இதனையும், காஞ்சியிலிருந்து வந்த மூன்று சகோதரர்கள் சேர்வராயன், பச்சை, கொல்லி மலைகளில் குடியேறிய கதையையும், அவற்றை வழிவழியாகக் காத்துவரும் மலையாளிப் பழங்குடிப் (கேரளத்தவர் அல்லர், இம்மலைவாழ் மக்கள்) பெரியவர் ஒருவர் வாயால் கேட்பதே முறை. அவரை நேரில் சென்று அழைத்து, உரிய மதிப்பூதியம் அளித்து, கைபேசியில் பதிவு செய்வதானால் அவருடைய இசைவையும் பெறுங்கள்.

சொல்பவர், காற்று தம் முதுகுப் பக்கமிருந்து வீசுமாறு நின்றால் குரல் கேட்போரிடம் சேரும். கடைசியாக நடந்து வருபவர், பெரும்பாலும் முதியவர், வந்து சேர்ந்து மூச்சு வாங்கி நிற்கும் வரை கதையைத் தொடங்கவே கூடாது. இதில் நான் சிறிதும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ‘உம்’ கொட்ட ஒரு சிறுமியை அமர்த்துங்கள். அவள் குரல் தளர்ந்தால் கதை நீள்கிறது என்று பொருள்.

20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வருவோருக்குத் தலைசுற்றல் இருக்குமாதலால், இறங்கியதும் அரைமணி நேரம் ஓய்வு தேவை. மொத்த நடை இரண்டு கிலோமீட்டரைத் தாண்ட வேண்டாம். ஐப்பசி அடைமழைக் காலம் என்பதால் மாற்று நாளொன்றை இப்போதே குறித்து வையுங்கள். இடிமழை பிற்பகலில் திரள்வதுண்டு. ஆகவே காலையில் தொடங்கி நண்பகலுக்குள் முடித்துவிடுவது நல்லது. இடியோசை கேட்டால், கதை பாதியில் நின்றாலும், திறந்த உச்சியை விட்டு உடனே இறங்கி வாகனத்துக்குள் செல்லுங்கள். மரத்தடியில் ஒதுங்கக் கூடாது. காட்டெருமைகள் உலவும் மலையாதலால் அந்தி நடை வேண்டவே வேண்டாம். தோட்டத்துக்குள் நுழைய உரிமையாளரின் அனுமதியையும், காட்டுப் பாதைக்கு வனத்துறையின் அனுமதியையும் நாள் குறிக்கும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள்.