அம்மாவின் வேகத்தில் நடந்து பாருங்கள்

தங்கச்சி, உங்கள் அம்மாவை ஸ்பொன்சரில் ரொறன்ரோவுக்குக் கூப்பிட்டு எட்டு மாதம், வயது 68, ஸ்காபரோப் பகுதி வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கிறார், நடந்து திரியக்கூடிய இடத்தில் சீனியர் அப்பார்ட்மென்ற் ஒன்று வாடகைக்கு எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். எடுக்கலாம். ஆனால் நான் விட்ட பிழையை விடாதீர்கள்.

நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த இடத்தில், யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி வீட்டு விறாந்தையில் இருந்துதான் இதை எழுதுகிறேன். பக்கத்து வீட்டு ஆச்சிக்கு 81 வயது. விடிய எழும்பிப் படலையைத் திறந்து, ஒழுங்கையால் சந்தைக்குப் போய், கீரைக்கட்டு ஒன்று வாங்கி, வழியில் நாலு பேரோடு கதைத்துவிட்டு வருகிறார். என் அம்மாவும் இங்கே அப்படி இருந்தவர்தான். அவரை ரொறன்ரோவுக்குக் கொண்டுபோய் 17ஆம் மாடியில், ஏரி தெரிகிற வீட்டில் வைத்தேன். ஒரு கிழமை ஏரியைப் பார்த்தார். பிறகு யன்னல் சீலையை இழுத்து மூடிவிட்டார். பால் வாங்கவே பஸ் ஏறவேண்டும். இரண்டு லிஃப்ற்றில் ஒன்று எப்போதும் பழுது.

இரண்டாம் முறை வீட்டுக்கு முதல் தெருவைப் பார்த்தோம். அதுவும் ஜனவரியில், அம்மாவையும் கூட்டிக்கொண்டு, அவருடைய வேகத்தில். பனி வழிக்கிற வண்டி ஒதுக்கிவிட்டுப் போன குவியல், தெருவைக் கடக்கிற இடத்தில் முழங்கால் உயரத்துக்கு இறுகிக் கிடக்கும். கூகிள் மப் ஐந்து நிமிடம் என்று காட்டும். அதற்கு இந்தக் குவியல் தெரியாது. ஒரு சந்தியில் நடக்கச் சொல்லும் வெள்ளை விளக்கு எரிந்து, எண் இறங்கி முடிந்தபோது அம்மா நடுத்தெருவில் நின்றார். அந்தக் கட்டடத்தை அன்றோடு விட்டோம்.

கடைசியில் ரொறன்ரோ நகரத்துக்குள் சென்ற் ஜேம்ஸ் ரவுண் பக்கம் எடுத்தோம். எண்பதுகளில் வந்த எங்கட ஆட்கள் பலர் முதலில் இருந்த இடம். கட்டடங்கள் பழசு, கரப்பானும் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் மரக்கறிக்கடை, மருந்துக்கடை, நூலகம் எல்லாம் அம்மாவின் நடைக்குள்.

இனிப் பேப்பர் விசயம். அரசு உதவியோடு கிடைக்கும் வீட்டுக்கு வாடகை, வருமானத்தில் ஏறக்குறைய 30 சதவீதம்தான் வரும். ஆனால் வரிசை வருடக்கணக்கு. நீங்களோ ஸ்பொன்சர் செய்யும்போது 20 வருடம் அம்மாவைப் பார்ப்பேன் என்று கையெழுத்து வைத்தவர், அதனால் விண்ணப்பிக்க முதல் சட்டம் தெரிந்த ஒருவரிடம் கேளுங்கள். முதியோர் ஓய்வூதியத்துக்கும் கனடாவில் 10 வருடம் இருந்திருக்க வேண்டும். ஆகவே இப்போதைக்குத் தனியார் வாடகையை உங்கள் சம்பளத்தில்தான் கணக்குப் போடவேண்டும்.

வாடகை அட்வான்சாகக் கடைசி மாத வாடகைக்கு மேல் வற்புறுத்திக் கேட்க ரொறன்ரோ இருக்கிற ஒன்ராறியோ மாகாணச் சட்டம் விடாது. புதுக் கட்டடத்தின் பளபளப்பில் மயங்காதீர்கள்: 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதலாக ஆட்கள் குடிவந்த வீடு என்றால், வருடாவருடம் வாடகை ஏற்ற அரசு வைத்த வரம்பு அதற்குப் பொருந்தாது. றிரயர்மென்ற் ஹோம் என்பது வேறு, சாப்பாடும் கவனிப்பும் சேர்ந்தது. காசும் அதற்கேற்ற மாதிரிக் கூட, புட்டும் கிடைக்காது.

ஒன்று மறந்தேன். கீழே லிஃப்ற்றடியில் இருக்கக் கதிரை போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். அம்மாவுக்கு ஒரு பிலிப்பைன்ஸ் ஆச்சி சிநேகிதமானது அந்தக் கதிரையில்தான். இவருக்குத் தமிழ், அவருக்கு அவர் பாஷை. இரண்டு பேரும் தள்ளுவண்டியோடு ஒன்றாகத்தான் கடைக்குப் போகிறார்கள்.